தீக்காக்கையைக் காட்டில் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் மலபார் ட்ரோகன் என்று சொல்லப்படும் காட்டுப் பறவைதான் தீக்காக்கை. அதில் ஆணின் படத்தைப் பார்த்துவிட்டுக் காட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். செக்கச்செவேலென்ற வயிறு, மைனாவைவிட நீளமான உடம்பு, சுற்றிலும் பச்சைக் காடு. இதையா தவறவிடப்போகிறோம்? இரண்டு நாள் நடந்து கழுத்து வலித்த பிறகு, "இங்கே தீக்காக்கையே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

பறவை அங்கேதான் இருந்திருக்கும். பாதைக்குப் பக்கத்திலேயே, முதுகைக் காட்டியபடி, அசையாமல் உட்கார்ந்து இவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். நானும் அப்படிப் பலமுறை கடந்து போனவன்தான். இந்தப் பறவையைத் தேடும்போது செய்ய வேண்டியவற்றைவிட, அவற்றை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். முதலில் காது, அப்புறம் கால், கடைசியில்தான் கண். புதியவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார்கள்.

1. இடமும் பருவமும்

தீக்காக்கை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் வாழ்கிறது. மத்திய இந்தியாவின் மலைக்காடுகளிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் உண்டு. நம் பக்கத்தில் தேட டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், தேக்கடி, தட்டேக்காடு ஆகியவை நல்ல இடங்கள். இலங்கையில் சிங்கராஜா.

ஊர்ப்பெயரைவிடக் காட்டின் அமைப்பைப் பாருங்கள். மேலே இலைக்கூரை மூடியிருக்க வேண்டும், கீழே ஓரளவு வெட்டவெளி இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து பாய்ந்து பூச்சியைக் கவ்விப் பிடிக்கிற பறவை இது. பாய்வதற்கு இடம் தேவை என்பதால் அடர்ந்த புதருக்குள் உட்காராது. மரக்கூரைக்கும் புதர்மட்டத்துக்கும் நடுவே கொடிகளும் மொட்டைக் கிளைகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற நிழலான இடங்கள்தான் அதன் வேட்டைக்களம். பெருமரங்களுக்கு நடுவே மூங்கில் கலந்திருக்கும் பகுதிகளையும் விடாதீர்கள்.

பருவம் என்றால் பிப்ரவரி முதல் மே வரை. தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய இந்த மாதங்களில்தான் பெரும்பாலும் இனப்பெருக்கம் நடக்கிறது. ஆண்கள் அடிக்கடி குரல் கொடுக்கும். மற்ற மாதங்களிலும் பறவை அங்கேதான் இருக்கும் என்றாலும் வாயைத் திறக்காத தீக்காக்கையைத் தேடுவது நாலு மடங்கு வேலை. காலை வெளிச்சம் காட்டுக்குள் இறங்கியதிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் சிறந்தது. நடுப்பகலிலும் கூப்பிடும், ஆனால் அப்போது சிள்வண்டுகளின் இரைச்சலில் உங்கள் காதில் விழாது.

2. அனுமதியும் கூடவரும் ஆளும்

மேலே சொன்ன இடங்கள் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழோ, இலங்கை என்றால் அந்நாட்டுச் சட்டத்தின் கீழோ பாதுகாக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பறவை பார்ப்பவரின் கண் எப்போதும் மேலே இருக்கும். யானையும் காட்டெருதும் தரையில் நிற்கும். கீழே பார்க்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

வனத்துறை அனுப்பும் வாட்ச்சர்கள் பலர் காடர், மலசர் போன்ற சமூகங்களிலிருந்து வருபவர்கள். புலி எங்கே, யானை எங்கே என்று அவர்களை நச்சரிக்காமல், கிளம்பும்போதே "தீக்காக்கை சத்தம் எந்தப் பக்கம் கேட்டீங்க அண்ணே?" என்று கேளுங்கள். நடக்கும் வழியே மாறிவிடும். ஒரே பறவையைத் தேடி வந்திருக்கிறோம் என்று தெரிந்தால் அவர்களும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

3. கருவிகள்: குறைவாக, சரியானதாக

பைனாகுலர் 8x42 ஆக இருக்கட்டும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். "10 என்றால் இன்னும் பெரிதாகத் தெரியுமே" என்று பலர் 10x42 வாங்கிவிட்டுக் காட்டுக்குள் திணறுவார்கள். காரணம் எளிய வகுத்தல். 42 ஐ 8 ஆல் வகுத்தால் 5.25. 10 ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது, மில்லிமீட்டரில். நிழலான காட்டில் கண்மணி விரிந்திருக்கும். அந்த நேரத்தில் அகலமான கற்றை வந்தால்தான் நிறம் தெரியும். பொதுவாக 8 இல் பார்வைப் பரப்பும் அகலமாக இருக்கும். கிளைகளுக்கு நடுவே பறவையைப் பிடிக்க அதுவே உதவும்.

வாங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பாதிப்பேர் செய்வதில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். இரு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசம் இதில் சரியாகிவிடும். இதைச் செய்யாமல் "பைனாகுலர் மங்கலாக இருக்கிறது" என்று சொல்பவர்களை ஏராளமாகப் பார்த்துவிட்டேன்.

மற்றபடி மங்கலான பச்சை அல்லது பழுப்பு உடை, அட்டைக்கடியிலிருந்து தப்ப முழங்கால்வரை வரும் நெருக்கமான துணிக் காலுறை, குறிப்பேடு, பென்சில். அட்டைக் காலுறையை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். பத்து நிமிடம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கப் போகிறீர்கள், அட்டைக்கு அதைவிட என்ன வேண்டும்? பிய்க்கும்போது சர்ரென்று சத்தம் போடும் ஒட்டுப்பட்டை வைத்த பையை மட்டும் கொண்டுவராதீர்கள்.

4. குரலை வீட்டிலேயே பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பறவை பார்க்காமல் திரும்புகிறார்கள். காட்டில் நீங்கள் முதலில் சந்திக்கப்போவது தீக்காக்கையின் குரலைத்தான், உருவத்தை அல்ல.

ஆணின் பாட்டு "க்யாவ்... க்யாவ்... க்யாவ்..." என்று போகும். சற்றே கரகரப்பான, உள்தொண்டையிலிருந்து வருவது போன்ற மென்மையான குரல். ஒரு வரிசையில் மூன்று முதல் எட்டு வரை ஒலிகள், கொஞ்சம் இடைவெளி, மறுபடி அதே வரிசை. கூவுகிற தோரணையே இருக்காது. யாரோ தனக்குள் பேசிக்கொள்வது போலிருக்கும். அதனால்தான் புதியவர்களின் காது இதைப் பின்னணிச் சத்தமாகத் தள்ளிவிடுகிறது.

இன்னொரு குரலும் உண்டு: "க்ர்ர்ர்..." என்று உருளும் தாழ்ந்த எச்சரிக்கை ஒலி. இது கேட்டால் நீங்கள் பறவையைப் பார்க்கும் முன்பே பறவை உங்களைப் பார்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பறவைக் குரல்கள் சேமிக்கப்பட்டுள்ள ஸினோ-காண்டோ தளத்திலிருந்து நாலைந்து பதிவுகளைக் கேளுங்கள். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்த ஒரு பறவையின் குரல்தான் மனப்பாடமாகும். வெவ்வேறு இடங்களில் பதிவானவற்றைக் கேட்டால்தான் அவற்றுக்குள் எது பொது என்று பிடிபடும்.

அதோடு நிறுத்தாதீர்கள். காட்டில் ஓயாமல் கேட்கும் மற்றக் குரல்களையும் பழகிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க "குட்ரூ குட்ரூ" என்று கத்தும் சின்னக் குக்குறுவான், மனிதர் சிரிப்பது போலக் குரலெடுக்கும் மலபார் சாம்பல் இருவாச்சி, மேலிருந்து கடகடவென்று அதட்டும் மலை அணில். இவற்றைத் தெரிந்து ஒதுக்கினால் மிச்சமிருக்கும் மெல்லிய குரல் தானாக மேலே வரும். நான் கற்றுக்கொடுக்கும்போது தீக்காக்கைக்கு முன்னால் குக்குறுவானிடமிருந்துதான் தொடங்குவேன்.

துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் போலவே பேசும். அந்தப் பயலால் நான் அரைமணி நேரம் வீணாக்கியிருக்கிறேன். ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்து மூன்று நான்கு விதக் குரல்கள் வந்தால் சந்தேகப்படுங்கள்.

மெர்லின் செயலி ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும். காட்டில் சிக்னல் இருக்காது என்பதால் இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செயலி சொல்வது துப்பு மட்டும்தான். போலிக் குரலும் தூரத்துக் குரலும் அதையும் ஏமாற்றும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: கற்றுக்கொள்ளப் பயன்படுத்திய பதிவைக் காட்டில் ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு வரும். நீங்கள் போன பின் அடுத்த குழுவும் அதையே செய்யும். பல இடங்களில் இதற்குத் தடையும் உண்டு.

5. குரல் கேட்டதும் நின்றுவிடுங்கள்

குரல் கேட்ட நொடியில் எல்லோரும் செய்வது அந்தத் திசையில் வேகமாக நடப்பது. சருகு நொறுங்கும், பறவை சத்தமில்லாமல் இரண்டு மரம் தள்ளிப் போய்விடும், இவர்கள் வெறும் கிளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நில்லுங்கள். இரண்டு காதுக்கும் பின்னால் உள்ளங்கையைக் குவித்து, தலையை மெல்ல இடவலமாகத் திருப்புங்கள். சத்தம் எந்த இடத்தில் கனமாகக் கேட்கிறதோ அதுதான் திசை. தாழ்ந்த மென்குரல் என்பதால் தூரத்தைக் கணிப்பது கஷ்டம். தொலைவில் இருப்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருக்கும். பாதையிலேயே பத்துப் பதினைந்து அடி நகர்ந்து அடுத்த வரிசைக் குரலை மறுபடி கேளுங்கள். இரண்டு இடத்திலிருந்தும் காட்டிய திசைகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே தேடுங்கள்.

அடுத்தது காத்திருப்பு. குறைந்தது பத்து நிமிடம். கெடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காட்டில் மூன்று நிமிடமே பத்து நிமிடம் மாதிரி இருக்கும். நீங்கள் அசையாதிருந்தால், இரைக்காக அது ஒரு தடவையாவது இடம் மாறும். அந்த அசைவுதான் உங்களுக்கு வேண்டும்.

6. சிவப்பைத் தேடாதீர்கள்

ஆளைக் கண்டதும் தீக்காக்கை பெரும்பாலும் முதுகைத் திருப்பிக்கொள்ளும். முதுகு பச்சை கலந்த மங்கிய பழுப்பு. மரப்பட்டையும் காய்ந்த இலையும் கலந்த நிறம். தலையை மட்டும் பின்னால் திருப்பி உங்களைக் கவனிக்கும். சிவப்பு முழுவதும் மறுபக்கம் இருக்கும். ஆகவே சிவப்பைத் தேடும் கண் அதன் மேலேயே ஓடிக் கடந்துவிடும்.

உருவத்தைத் தேடுங்கள். மொத்த நீளம் சுமார் 30 சென்டிமீட்டர், அதில் ஏறத்தாழப் பாதி வால். கழுத்தே இல்லாதது போலத் தோளுக்குள் அமிழ்ந்த தலை, நிமிர்ந்த உடம்பு, நேர்கீழாகத் தொங்கும் நீண்ட வால், அதன் நுனி கத்தரித்தது போல நேராக இருக்கும். கிளைகளும் கொடிகளும் வளைந்தும் சாய்ந்தும் போகிற காட்டில் செங்குத்தாகத் தொங்கும் ஒரு பட்டை உறுத்தலாகத் தெரியும். அதைத்தான் பிடிக்க வேண்டும்.

நான் முதலில் பார்த்த தீக்காக்கையை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. கூடவந்த வாட்ச்சர் தோளைத் தொட்டு, "சார், பறவையைப் பாக்காதீங்க. அந்தக் கொடிக்குப் பின்னால வால் தொங்குது, அதைப் பாருங்க" என்றார். ஐந்து நிமிடமாக அதே கொடியைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேடும் முறை இது. முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள், பைனாகுலர் கழுத்திலேயே இருக்கட்டும். அதை எடுத்தவுடன் பார்வை ஒரு சிறு வட்டத்துக்குள் சுருங்கிவிடும், அசைவு தப்பிவிடும். உயரத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டு நடு அடுக்கில் தொடங்குங்கள்; தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்திலிருந்து மரக்கூரை தொடங்கும் இடம் வரை. இலைக்கொத்துகளை விட்டுவிட்டு, மொட்டையாக நீண்ட கிளைகளையும் தொங்கும் கொடிகளையும் மட்டும் ஒவ்வொன்றாகக் கண்ணால் தடவிக்கொண்டு போங்கள். ஒரு சுற்று முடிந்ததும் எதிர்த்திசையில் இன்னொரு சுற்று. போகும்போது மறைந்திருந்தது திரும்பும்போது தெரியும்.

பறக்கும்போது வாலின் ஓர இறகுகளில் உள்ள வெள்ளை பளிச்சென்று விரியும். அது போகும் வழியைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் எங்கே உட்கார்ந்தது என்பதைப் பிடியுங்கள். உட்கார்ந்ததும் வெள்ளை மடங்கிவிடும், பறவை மீண்டும் மரக்கட்டையாகிவிடும்.

கண்டுகொண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். கண்ணைப் பறவை மேலேயே வைத்துக்கொண்டு, கையால் பைனாகுலரை உயர்த்திக் கண்ணுக்கும் பறவைக்கும் நடுவே கொண்டுவாருங்கள். வீட்டு மாடியில் எதிர்மரத்தின் ஒரே இலையை வைத்து ஐம்பது தடவை பழகினால் போதும்.

7. அடையாளங்களை இந்த வரிசையில் குறியுங்கள்

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ட்ரோகன் குடும்பத்தில் இருப்பது இது ஒன்றே. நெருங்கிய உறவுகளான மற்றவை இமயமலையின் கிழக்குப் பகுதியிலும் வடகிழக்கிலும்தான் உண்டு. ஆகவே உருவமும் வாலும் உறுதியானால் இனம் முடிவாகிவிட்டது. மிச்சமிருக்கும் கேள்வி ஆணா பெண்ணா என்பதே.

முதலில் இறக்கை, ஏனென்றால் பெரும்பாலும் முதலில் தெரிவது அதுதான். மடக்கிய இறக்கையின் மேல்பகுதியில் நெருக்கமான மெல்லிய கோடுகள் இருக்கும். கருப்பும் வெள்ளையும் என்றால் ஆண். கருப்பும் பழுப்பும் என்றால் பெண். முதுகு மட்டும் தெரியும்போது இந்தக் கோடுதான் கை கொடுக்கும்.

பிறகு தலையும் மார்பும். ஆணுக்குத் தலையும் மார்பும் புகைக்கருப்பு, கீழே கருஞ்சிவப்பு வயிறு, இரண்டுக்கும் நடுவே மாலை போட்டது போல ஒரு வெள்ளைப் பட்டை. பெண்ணுக்குக் கருப்பும் இல்லை, சிவப்பும் இல்லை, அந்த மாலையும் இல்லை. தலையும் மார்பும் பழுப்பு, வயிறு வெளிறிய இலவங்கப்பட்டை நிறம். பெண்ணை "ஏதோ பழுப்புப் பறவை" என்று தள்ளிவிட்டு ஆணைத் தேடிப் போனவர்களை எனக்குத் தெரியும். பக்கத்திலேயே ஜோடி இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

முகம் கடைசி. அலகும் கண்ணைச் சுற்றியுள்ள தோலும் நீலம். நல்ல வெளிச்சத்தில்தான் தெரியும், தெரியாவிட்டால் பரவாயில்லை.

சிவப்பை வைத்துக் குழம்புவது மின்சிட்டில்தான். ஆண் மின்சிட்டும் கருப்பும் சிவப்புமாக இருக்கும். ஆனால் அளவில் மிகச் சிறியது, கூட்டமாக மர உச்சியில் திரியும், ஒரு நொடி சும்மா இருக்காது. ஓயாமல் துள்ளும் சிவப்பு தீக்காக்கை அல்ல.

8. குரலே கேட்கவில்லை என்றால்

கலப்புக் கூட்டத்துக்காகக் காத்திருங்கள். பல இனப் பறவைகள் சேர்ந்து இரை தேடிக்கொண்டே நகரும் கூட்டம் இது. துடுப்புவால் கரிச்சான் இதில் அடிக்கடி இருக்கும். அதன் சத்தம் கேட்டாலே கூட்டம் வருகிறது என்று தெரியும். அவை கிளப்பிவிடும் பூச்சிகளைப் பிடிக்கத் தீக்காக்கையும் சேர்ந்துகொள்வதுண்டு.

எல்லோரும் கூட்டத்தின் பரபரப்பான முன்பகுதியைப் பார்த்துவிட்டு, அது கடந்ததும் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். என் அனுபவத்தில் தீக்காக்கை ஆரவாரம் அடங்கின பிறகுதான் கண்ணில் படுகிறது. கூட்டம் போன பின் இன்னும் ஐந்து நிமிடம் அங்கேயே நின்று நடு அடுக்கைப் பாருங்கள்.

9. பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டுவது

கையை நீட்டிச் சுட்டாதீர்கள். கை அசைவு பறவையைக் கிளப்பும். தவிர, உங்கள் விரல் காட்டும் கோடு அடுத்தவர் கண்ணுக்கு வேறெங்கோ போகும். எல்லோருக்கும் தெரிகிற பெரிய அடையாளத்திலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள்: "இரட்டைத் தண்டு மரம், இடது தண்டு, முதல் கவை, அதிலிருந்து வலது பக்கம் போகும் கொடி, அதில் நடுவில்." கிசுகிசுக்க வேண்டாம், தாழ்ந்த குரலில் பேசினாலே போதும். கிசுகிசுப்பின் 'ஸ்ஸ்' சத்தம் அமைதியான காட்டில் தனியாகக் கேட்கும்.

10. கூடு கண்ணில் பட்டால்

உளுத்துப்போன மரக்கட்டையில் ஜோடியாகக் குடைந்து கூடு அமைக்கும் பறவை இது. பிப்ரவரி முதல் மே வரை அப்படிப்பட்ட கட்டையருகே பறவை திரும்பத் திரும்ப வந்தாலோ, எச்சரிக்கை ஒலி விடாமல் கேட்டாலோ, வந்த வழியே பின்வாங்குங்கள். உளுத்த கட்டை என்பதால் கை பட்டாலே பிய்ந்துவிடும். ஆள் நிற்கும்வரை பறவை உள்ளே போகாது, முட்டை சூடிழக்கும். படம் எடுக்க ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம்.

11. பதிவு

இடத்தைவிட்டு நகரும் முன்பே எழுதிவிடுங்கள். நேரம், சுமாரான உயரம், ஆணா பெண்ணா, எந்தப் பகுதி தெரிந்தது, எந்தக் குரல், என்ன செய்துகொண்டிருந்தது. அறைக்குப் போய் எழுதலாம் என்று விட்டால், பார்க்காத வெள்ளைப் பட்டையையும் புத்தகத்துப் படம் உங்கள் நினைவில் வரைந்துவிடும்.

பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைச் சேகரிக்கும் ஈபேர்ட் தளத்தில் ஏற்றும்போது, குரலை மட்டும் கேட்டிருந்தால் குறிப்பில் அப்படியே சொல்லிவிடுங்கள். முதுகு மட்டும் தெரிந்து இறக்கைக் கோடு தெளிவாகப் படவில்லை என்றால் ஆண், பெண் இரண்டையும் குறிக்காமல் விடுங்கள். கூட்டின் இடத்தை அதில் எழுத வேண்டாம்.